காரின் கதவு வரை: பாகிஸ்தானில் செல்வர் வீட்டுப் பெண்களின் உடை

நேயர்களுக்கு வணக்கம்.

2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாகிஸ்தானின் முதல் பெண் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்ற ஹினா ரப்பானி கர், அதே மாதம் பேச்சுவார்த்தைக்காகப் புதுதில்லிக்கு வந்தார். இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டியவை மலையாகக் குவிந்திருக்க, செய்தி ஊடகங்களோ அவர் கையிலிருந்த பிர்கின் என்னும் ஆடம்பரப் பையையும், கழுத்து முத்துமாலையையும், விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடியையும் பற்றியே பேசித் தீர்த்தன. ஓர் அமைச்சருக்கு அது நியாயமான வரவேற்பு அன்று. ஆயினும் அந்தப் படங்களில் நம் பொருளுக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. பை பிரான்சிலிருந்து வந்தது. தலையிலிருந்து நழுவி நழுவிச் சரிசெய்யப்பட்ட துப்பட்டா பாகிஸ்தானுடையது. இதே ஹினா, முசாஃபர்கர் மாவட்டத்துப் பெருநிலக்கிழார் குடும்பத்தின் மகளாக 2002 தேர்தலில் நின்றபோது, சுவரொட்டிகளில் அவருடைய படமே இல்லை என்றும், தந்தைதான் அவருக்காக வாக்குக் கேட்டார் என்றும் செய்திகள் வந்தன. ஊருக்குள் முகமே வெளியே வராத ஒருவர், தலைநகரங்களில் உலகமே உற்றுப் பார்க்கும் ஒருவராகிறார்.

பாகிஸ்தானின் செல்வர் வீட்டுப் பெண்கள் மேலைநாட்டு உடையை விரும்புகிறார்களா, மரபுடையை விரும்புகிறார்களா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அவர்கள் எதை உடுத்துகிறார்கள் என்பதை விருப்பமோ கொள்கையோ தீர்மானிப்பதைவிட, அந்த நேரத்தில் அவர்கள் எந்த வாசலுக்கு உட்புறம் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

மரபு என்று இன்று சொல்லப்படுவதன் வயதை முதலில் பார்த்துவிடலாம். நாடு பிறந்த காலத்தில் முதல் பிரதமரின் துணைவியாரும், 1949இல் அகிலப் பாகிஸ்தான் மகளிர் சங்கத்தை நிறுவியவருமான ரானா லியாகத் அலி கான் பெரிதும் அணிந்தது கராரா. முழங்காலுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக விரியும் இந்த உடை லக்னோ பக்கத்தது. பிரிவினையில் எல்லை தாண்டி வந்த குடும்பங்களோடு கராச்சிக்கு வந்தது. அதற்கடுத்த இருபது ஆண்டுகளில் மேல்தட்டு மாலை விருந்துகளில் சேலையே கோலோச்சியது. பேனசீர் பூட்டோவின் தாயார் நுஸ்ரத் பூட்டோவைச் சேலையில் காட்டும் படங்கள் எத்தனையோ உண்டு. கையில்லாத ரவிக்கையும் அன்று யாரையும் திடுக்கிட வைக்கவில்லை. 1966இல் பாகிஸ்தான் பன்னாட்டு விமான நிறுவனம் தன் பணிப்பெண்களுக்குச் சீருடை வடிவமைக்க அழைத்தது பாரிஸின் பியேர் கார்டனை. அவர் தந்தது, நம்மூரில் சுடிதார் என்று அறியப்படும் உடையின் உடன்பிறப்பான ஷல்வார் கமீஸின் சாயலிலேயே அமைந்த மேற்சட்டையும் ஒடுங்கிய காற்சட்டையும், தலையை ஒட்டிய துப்பட்டாவும். உள்நாட்டு உடைக்கு வெளிநாட்டுக் கையெழுத்து வாங்கும் வழக்கம் அவ்வளவு பழையது.

1971இல் கிழக்குப் பகுதி பிரிந்து வங்கதேசமான பிறகு, சேலையைப் பலர் அங்கேயும் இந்தியாவிலும் இருப்பவர்களின் உடையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஜியா உல் ஹக்கின் காலத்தில், அரசுத் தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் தலையைத் துப்பட்டாவால் மூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்த நிகழ்ச்சித் தொகுப்பாளர் மெஹ்தாப் ராஷ்டி தொலைக்காட்சியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1986இல் லாகூர் அல்ஹம்ரா அரங்கில் பாடகி இக்பால் பானோ அந்த ஆட்சிக்கு எதிர்ப்பாகக் கறுப்புச் சேலை கட்டி வந்து கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையைப் பாடியதை அங்கே இன்றும் மெய்சிலிர்க்கச் சொல்வார்கள். ஷல்வார் கமீஸ், பஞ்சாபிலும் வடமேற்கு எல்லைப்புறத்திலும் நெடுங்காலமாக இருந்ததுதான். எல்லா மாகாணத்துப் பெண்களுக்கும் உரிய ஒரே முறையான உடையாக அது நிலைபெற்றது இந்த ஆண்டுகளில்தான்.

பேனசீர் பூட்டோவின் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கராச்சியிலிருந்து சொந்த ஊரான லர்கானாவுக்குப் போகும் ரயிலில், சிறுமிப் பருவம் கடந்த மகளுக்குத் தாய் கறுப்பு புர்காவைப் போர்த்துகிறார். வீட்டுக்கு வந்ததும் தந்தை, இவள் இதை அணிய வேண்டியதில்லை என்று முடிவு சொல்லிவிடுகிறார். போர்த்துவதும் விலக்குவதும் பெற்றோர் கையில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். பிறகு அதே பெண் ஹார்வர்டில் ஜீன்ஸ் அணிந்தார். அரசியலுக்கு வந்ததும் ஷல்வார் கமீஸும் வெள்ளைத் துப்பட்டாவுமாக மாறினார். 1988இல் பிரதமராகப் பதவியேற்றதும் அந்தக் கோலத்தில்தான். அவரைப் பாசாங்குக்காரர் என்று தூற்றியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடத்துக்கு ஒரு உடை என்பது அந்த வர்க்கம் முழுவதற்கும் பழகிப்போன நடைமுறை.

கராச்சியின் டிஃபென்ஸ், கிளிஃப்டன், லாகூரின் குல்பர்க் போன்ற செல்வர் குடியிருப்புகளில் நடக்கும் ஓர் இரவு விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில்லாத மேற்சட்டையோ முழங்காலளவு கவுனோ அணிந்த பெண், அதன்மேல் ஒரு பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு காரின் பின்னிருக்கையில் ஏறுகிறார். ஓட்டுநர் இருக்கிறார், சிக்னலில் நிற்கும்போது எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விருந்து வீட்டின் இரும்புக் கதவு மூடிய பிறகே சால்வை இறங்குகிறது. பெரும்பாலும் அது மடிக்கப்பட்டு இருக்கையிலேயே கிடக்கும், திரும்பும் வழியில் மீண்டும் தேவைப்படும் என்பதால். ஆக, மேலைநாட்டு உடைக்கு அந்தப் பெண் கொடுக்கும் விலையில் துணியின் விலை சிறுபகுதிதான். உயர்ந்த மதில், காவலாளி, கார், ஓட்டுநர் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பேருந்தில் போகும் பெண்ணுக்கு இந்த வசதி ஒன்றுமில்லை. அவள் காலையில் எதை உடுத்துகிறாளோ அதையே கடைவீதி, அலுவலகம், அண்டைவீட்டார் என எல்லாக் கண்களுக்கும் முன்னால் உடுத்தியாக வேண்டும்.

மேலை உடை என்றாலே செல்வம் என்றும் கொள்ள முடியாது. லாகூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லண்டா பஜாரில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழைய கோட்டுகளும் ஸ்வெட்டர்களும்தான் ஏழைகளின் குளிர்காலத்தைக் காக்கின்றன.

உண்மையான பணப் போட்டி நடப்பது மரபுடையில்தான். ஒவ்வொரு ஆண்டும் வெயில் தொடங்கும் முன்பே லான் எனப்படும் மெல்லிய பருத்தித் துணியின் புது அச்சுகள் வெளிவரும். சாலையோரப் பலகைகளை நடிகைகளின் படங்கள் நிறைக்கும். குல் அகமது, அல்கரம் போன்ற ஆலைகள் விற்றுவந்த இந்த எளிய கோடைத்துணியை, சனா சஃபினாஸ் முதலிய வடிவமைப்பாளர்கள் கையிலெடுத்த பிறகு அது அந்தஸ்தின் அளவுகோலாயிற்று. கமீஸ், துப்பட்டா, ஷல்வார் மூன்றுக்குமான துணி தைக்காமலே விற்கப்படும். அதை வீட்டுக்கு வரும் தையற்காரரிடம் கொடுத்து, இந்த ஆண்டு கமீஸ் முழங்காலுக்கு மேலா கீழா, காற்சட்டை ஒடுங்கியதா அகன்றதா என்று முடிவுசெய்வது ஒரு தனிக் கலை. வாங்கிய சில நாளிலேயே அதே அச்சின் போலி கடைவீதிக்கு வந்துவிடும். சென்ற ஆண்டுத் துணி வேலைக்காரப் பெண்ணுக்குப் போய்ச் சேரும். எஜமானியும் பணிப்பெண்ணும் ஒரே வெட்டில் ஒரே வகை உடையில் நிற்கும் வீட்டில், யார் யார் என்பதைக் காட்டுவது அச்சின் வயது மட்டுமே. இப்படியொரு ஏற்பாட்டில் புதுமைக்கு ஏன் அவ்வளவு விலை என்பது விளங்கும்.

திருமணத்தில் மேலை உடையா மரபுடையா என்ற கேள்விக்கே இடமில்லை. மெஹந்தி, பராத், வலீமா என நீளும் சடங்குகளில், ஆண்டு முழுதும் ஜீன்ஸில் திரியும் பெண்ணும் மரச்சட்டத்தின் முன் அமர்ந்த ஆண் கைவினைஞர்கள் மாதக்கணக்கில் இழைத்த ஜர்தோசி என்னும் ஜரிகை வேலைப்பாட்டைத்தான் சுமப்பாள்.

இன்னொரு திருப்பத்தையும் சொல்ல வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஃபர்ஹத் ஹாஷ்மி, 1994இல் இஸ்லாமாபாத்தில் அல்ஹுதா என்ற பெண்களுக்கான சமயக் கல்வி அமைப்பைத் தொடங்கினார். அதன் வகுப்புகள் பணக்கார வீடுகளின் வரவேற்பறைகளிலும் நடந்தன. அங்கே போய்வந்த பலர், உடலை முழுதும் மூடும் நீண்ட அங்கியான அபாயாவுக்கும், தலையை மூடும் ஹிஜாபுக்கும் மாறினார்கள். ஷல்வார் கமீஸ் மரபு என்றால் அபாயா அந்த மண்ணின் மரபும் அன்று, மேற்கிலிருந்து வந்ததும் அன்று. சேலையும் சிகையலங்காரமுமாக வாழ்ந்த மூத்த தலைமுறைப் பெண்கள் பலர், பேத்தியின் ஜீன்ஸை விட மருமகளின் அபாயாவுக்குத்தான் அதிகம் முகம் சுளித்தார்கள். மதிலுக்கு உள்ளும் வெளியும் ஒரே உடை என்று அந்த மருமகள்கள் முடிவெடுத்ததை நான் ஏற்காவிட்டாலும், அதிலுள்ள துணிவை மறுக்க முடியவில்லை.

2021 ஜூன் மாதம் பிரதமர் இம்ரான் கான் ஒரு வெளிநாட்டுப் பேட்டியில், பெண்கள் குறைவாக உடுத்தினால் ஆண்களிடம் அதன் விளைவு இருக்கத்தானே செய்யும் என்ற பொருளில் பேசினார், கண்டனங்கள் எழுந்தன. ஆகஸ்ட் 14, விடுதலை நாளன்று, லாகூரின் மினாரே பாகிஸ்தான் பூங்காவில் நூற்றுக்கணக்கான ஆண்கள் ஓர் இளம்பெண்ணைச் சூழ்ந்து தாக்கி, ஆடையைக் கிழித்தார்கள். அவர் உடுத்தி வந்தது ஷல்வார் கமீஸ். குறைவாக உடுத்தும் பெண்கள் என்று பிரதமர் யாரை எண்ணிச் சொன்னாரோ, அவர்களில் ஒருவர்கூட விடுமுறை நாளில் அந்தப் பூங்காவுக்கு நடந்து போகிறவர் அல்லர்.

வணக்கம்.