ஆற்றங்கரை ப்ளூஸ் விழா: மேடைக்குப் பின்னால் நடக்க வேண்டியவை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காக இசை விழா என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர், பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிட அறிவுரை. இரண்டும் வேண்டாம் என்கிறேன். பாட்டுக் கேட்க வந்தவரிடம் விழா பேச வேண்டியது அவர் கையில் கொடுக்கும் கோப்பையின் வழியாக, தண்ணீர்க் குழாயின் வழியாக, மேடைக்கு வரும் கரண்டின் வழியாக.

ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அதன் கலைஞர்களுக்கு ஆற்றைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1927 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றின் கரை, கிரீன்வில் நகருக்கு அருகே மவுண்ட் லேண்டிங் என்ற இடத்தில் உடைந்தது. மிசிசிப்பி டெல்டா என்னும் அந்தத் தாழ்நிலப் பகுதியின் பருத்தி நிலங்கள் மூழ்கின. கறுப்பினக் குத்தகை விவசாயிகள் கரைமேட்டு முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, ஆயுதக் காவலில் வேலை வாங்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டில், 1929-இல், ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனும், மெம்பிஸ் மின்னி, கேன்சஸ் ஜோ என்ற பாடகர் இணையும் அந்த வெள்ளத்தை இசைத்தட்டில் ஏற்றிவிட்டார்கள். சூழலைப் பற்றி மேடையில் ஏதாவது ஒலித்தே ஆக வேண்டுமென்றால், அந்த வெள்ளப் பாட்டுகளைப் பாடத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். அதற்குமேல் அறிவிப்பாளர் வாய் திறக்க வேண்டாம்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரைப் பாருங்கள். 1980-களின் இறுதியிலிருந்து அங்கே வில்லமெட் ஆற்றங்கரையில், அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4-ஐ ஒட்டி வாட்டர்ஃப்ரன்ட் ப்ளூஸ் விழா நடந்துவந்திருக்கிறது. பல ஆண்டுகள் நுழைவுக்குக் கேட்டது ஒரு சிறு நன்கொடையும் இரண்டு டப்பா உணவும்தான். அவை ஒரேகான் உணவு வங்கிக்குப் போயின. விழா நடக்கும் பூங்கா, ஆற்றோரம் ஓடிய ஒரு நெடுஞ்சாலையை 1974-இல் மூடிப் பெயர்த்து எடுத்த இடம். அதற்கு டாம் மெக்கால் பெயரை வைத்திருக்கிறார்கள். பாட்டிலுக்கும் கேனுக்கும் டெபாசிட் வாங்கும் சட்டத்தை 1971-இல், அமெரிக்காவிலேயே முதன்முதலாகக் கொண்டுவந்த ஆளுநர் அவர். அன்று 5 சென்ட், 2017 முதல் 10 சென்ட். காலி கேன் தரையில் கிடந்தால் அது காசு. யாராவது குனிந்து எடுத்துவிடுவார்.

இதே ஏற்பாட்டைக் கோப்பைக்குச் செய்யலாம். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கோப்பை, இரண்டு டாலர் டெபாசிட். தொகையை அரை டாலராகக் குறைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விழாவின் ஆண்டை அதில் அச்சிட்டாலும் அப்படித்தான்: கோப்பை நினைவுப்பொருள் ஆகிவிடும், அடுத்த ஆண்டுக்கும் உதவாது. அழுக்குக் கோப்பையைக் கொடுத்துச் சுத்தமானதை வாங்கும் முறையில், 5,000 பேர் ஆளுக்கு மூன்று முறை குடித்தால் ஒரு நாளைக்கு 15,000 கோப்பை. அங்கேயே கழுவ வசதி இல்லையென்றால் அத்தனையும் முதலிலேயே கையிருப்பில் வேண்டும். கழுவுவது எளிது, காயவைப்பதுதான் கஷ்டம். கண்ணாடி சூட்டைப் பிடித்துவைத்துத் தானே காயும், பிளாஸ்டிக் காயாது. ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் மறுநாள் காலை நாறும். கவிழ்த்துத் தட்டில் வைத்து, காற்றாடி போட வேண்டும். திரும்பக் கொடுக்கும் மேசை வெளிவாசல் அருகிலும் இருக்கட்டும். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள்.

சோள மாவிலிருந்து செய்த ‘மக்கும் கோப்பை’ இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் உள்ள தொழிற்சாலை உரக்கிடங்கில்தான் மக்கும். தோட்டத்துக் குழியில் அப்படியே கிடக்கும். பார்வைக்குச் சாதாரண பிளாஸ்டிக் போலவே இருப்பதால் மறுசுழற்சித் தொட்டிக்குள் போய் அதையும் கெடுக்கும். பல உரக்கிடங்குகள் அதை வாங்குவதே இல்லை. ஆர்டர் கொடுக்குமுன் கிடங்குக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

குப்பைத் தொட்டி ஒருபோதும் தனியாக நிற்கக் கூடாது. உரம், மறுசுழற்சி, மீதி என்று மூன்றும் சேர்ந்தே நிற்கட்டும். தனியாக ஒன்று இருந்தால் எல்லாம் அதற்குள் போகும். அன்று கடைகளில் விற்கும் அதே தட்டையும் கரண்டியையும் தொட்டிக்கு மேல் கண் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். படம் வரைந்த பலகையை யாரும் படிப்பதில்லை. உள்ளே கண்ணாடி போன்ற பை போட்டால் தவறு வெளியே தெரியும், கட்டுமுன் திருத்தலாம்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் குழாய், அரை லிட்டர் பாட்டிலை ஐந்து விநாடியில் நிரப்பும். ஆள் மாற இன்னும் பத்து விநாடி. அரை மணி இடைவேளையில் ஒரு குழாயில் 120 பேர்தான் பிடிக்க முடியும். கூட்டம் வருவதோ அந்த இடைவேளையில்தான். எத்தனை குழாய் வேண்டும் என்பதை இதிலிருந்து பாருங்கள். செடிக்கு ஊற்றும் ஹோஸ் வேண்டாம், ரப்பர் வாடை வரும். குடிநீருக்கென்று உள்ள ஹோஸையே போடுங்கள்; பின்னோட்டம் தடுக்கும் வால்வும் வேண்டும்.

இனி மின்சாரம். ப்ளூஸ் மேடையில் இது வெறும் புகை விஷயம் இல்லை, சுருதி விஷயம். ஹாமண்ட் பி-3 என்ற மின்சார ஆர்கனுக்குள் ஒலி எழுப்பும் பல் சக்கரங்களைச் சுற்றுவது ஒரு சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகம் கரண்டின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். சுமை ஏறி ஜெனரேட்டர் 58-க்கு இறங்கினால் ஆர்கனின் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல் இறங்கிவிடும். கிடார்காரர் கம்பியைத் தளர்த்திச் சமாளிப்பார். ஹார்மோனிகாக்காரர் என்ன செய்வார்? அதற்குள் ஒலி எழுப்பும் உலோக நாக்குகளை மேடையில் நின்றுகொண்டு திருத்த முடியாது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக வரும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸிலிருந்து அசையாது. ஆகவே ஜெனரேட்டருக்குப் பதிலாக மேடைக்கு மின்சாரம் தரும் பேட்டரி வண்டிக்காக முதலில் வாதாடப்போகிறவர் ஆர்கன் வாசிப்பவர்தான். சூழல் குழு பின்னால் போனால் போதும்.

எல்.இ.டி. விளக்கோடு ஒரு சிறிய மேடைக்குச் சராசரி 4 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 32 யூனிட். எழுபது கிலோவாட் டீசல் ஜெனரேட்டரை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொண்டுவந்து இந்தச் சுமைக்கு ஓட்டுவதுதான் வழக்கமான தவறு. சுமை குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரிய எண்ணெய்க் கசடாகத் தேங்கும். எரியும் ஒவ்வொரு லிட்டருக்கும் 2.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு. முந்தைய ஆண்டே, கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் அளந்து குறித்துவைத்திருந்தால் சரியான அளவு தெரிந்திருக்கும். வறுவல் கடைக்காரர் கெட்டிலை மேடை லைனில் செருகாதபடி அவர்களுக்குத் தனி லைன் இழுங்கள். பிரேக்கர் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடைசியாக, அந்த வறுவல் எண்ணெய். போர்ட்லண்டில் மழை பெய்தாலே சாக்கடை வில்லமெட்டில் வழியும் நிலை இருந்தது. இருபது ஆண்டு வேலை நடந்து, 2011-இல் சாக்கடை நீருக்கான பெருங்குழாய்கள் முடிந்த பிறகுதான் அது பெருமளவு நின்றது. பல ஊர்களில் மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு இல்லாமல் நேரே ஆற்றில் சேர்கிறது. கேட்ஃபிஷ் மீன் வறுத்த எண்ணெயையும் பாத்திரம் கழுவிய நீரையும் இருட்டிய பிறகு அதில் ஊற்றிவிட்டுப் போக ஒருவர் போதும். திறப்பு விழாவுக்கு முதல் நாளே கடைகளுக்கு அருகிலுள்ள வடிகால் வாய்களை ரப்பர் விரிப்பால் மூடுங்கள், மழை வந்தால் எடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். எண்ணெய்க்கு மூடியுள்ள பீப்பாய், கழிவுநீருக்குத் தனித் தொட்டி, அடுப்புக் கரிக்கு இரும்புத் தொட்டி. கடைக்காரரின் ஒப்பந்தத்திலேயே ஒரு டெபாசிட் வையுங்கள். தரையையும் வடிகாலையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தப் பணம் திரும்பட்டும்.

நன்றி, வணக்கம்.