பிரெக்ஸிட்டைத் தடுத்தது யார்?

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் சொன்ன நேரத்துக்குள் முடித்துவிட்டார். அதனால் எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2019-இல் லண்டன் நாடாளுமன்றத்தை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு சபாநாயகர் ஜான் பெர்கோ மறந்திருக்காது. பளிச்சென்று ஒரு டை, தொண்டை கிழிய "ஆர்டர்! ஆர்டர்!". பார்த்துச் சிரித்தோம். நாடாளுமன்றங்களுக்கே தாய்வீடு என்கிறார்கள், இவர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லையே என்றும் கேட்டோம். பிரிட்டனில் பலரும் கோபத்தோடு அதையேதான் கேட்டார்கள். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதற்கு, மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், எம்.பி.க்கள் குறுக்கே நிற்கிறார்கள் என்பதுதான் அன்றைக்கு ஓடிய கதை. அந்தக் கதையில் பாதிக்கு மேல் தப்பு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். எம்.பி.க்கள் மேல் குற்றமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது, ஆனால் அது வேறு குற்றம்.

2016 ஜூன் 23-ஆம் தேதி வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1. விலகச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். ஆனால் வாக்குச்சீட்டில் இருந்தது இருப்பதா, விலகுவதா என்ற ஒரே கேள்வி. எப்படி விலகுவது? நார்வேயைப் போல, சரக்கும் ஆட்களும் தடையில்லாமல் போய்வரும் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தைக்குள் இருந்துகொண்டா? உள்ளே சுங்கவரி இல்லாமல் வெளியே எல்லோரும் ஒரே வரி வைக்கும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருந்துகொண்டா? ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று மொத்தமாக வெட்டிக்கொண்டா? இந்த மூன்றும் தலைகீழ் வேறான மூன்று நாடுகள். விலகச் சொன்ன ஒரே பேனாக் குறிக்குள் மூன்றும் இருந்தன. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

பிரதமர் தெரசா மே அதை அங்கே கொண்டுபோகவே விரும்பவில்லை. பேச்சுவார்த்தை அரசின் வேலை, முடிந்ததும் சொல்கிறேன் என்ற தோரணைதான். விலகல் அறிவிப்புக்கே நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று ஜினா மில்லர் என்ற தொழிலதிபர் வழக்குப் போட்டு, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒரு மசோதா வந்தது. எம்.பி.க்கள் தடுத்தார்களா? 498-க்கு 114 என்று வாரிக் கொடுத்தார்கள். மார்ச் 29-ஆம் தேதி அறிவிப்புக் கடிதம் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு வருஷக் கெடு ஓட ஆரம்பித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கெடு முடியும்போது ஒப்பந்தம் இல்லையென்றால், பிரிட்டன் தானாகவே வெளியே விழுந்துவிடும். எதற்கும் சம்மதிக்காமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு முடிவாகிவிடும், அதுவும் ஆகக் கடுமையான முடிவு.

அப்புறம் மே அம்மையார் தனக்குத் தானே ஒரு குழி வெட்டிக்கொண்டார். பெரும்பான்மையைப் பெருக்குகிறேன் என்று 2017 ஜூனில் தேர்தல் வைத்தார், இருந்த பெரும்பான்மையும் போயிற்று. வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்கள் கை கொடுத்தால்தான் ஆட்சி. முழுச் சிக்கலின் முடிச்சும் அந்த வட அயர்லாந்தில்தான் விழுந்தது என்பது வேடிக்கை.

சுமார் 500 கிலோமீட்டர் எல்லை அது. ஒரு பக்கம் பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து, மறுபக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து. வட அயர்லாந்தின் நீண்ட வன்முறைக்கு முடிவு கட்டிய 1998-இன் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே ராணுவச் சாவடி இல்லை, எல்லையைத் தாண்டினோமா என்பதே தெரியாமல் வண்டி ஓட்டலாம். பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டுப் போனால் எங்காவது ஒரு சோதனை வந்தாகவேண்டும். நிலத்தில் வைத்தால் அமைதிக்கு ஆபத்து. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிக்கும் நடுவே கடலில் வைத்தால் எங்களைப் பிரிட்டனிலிருந்து வெட்டிவிடுகிறீர்கள் என்று டி.யு.பி. கத்தும். வேறு வழி கிடைக்கிறவரை பிரிட்டன் முழுவதும் ஒரே சுங்கப் பகுதியாக ஐரோப்பாவோடு ஒட்டியே இருக்கட்டும் என்று மே ஒரு ஏற்பாடு செய்தார். அதுதான் பேக்ஸ்டாப். இதற்குப் பெயர் விலகலா என்று அவருடைய கட்சிக்காரர்களே எகிறினார்கள்.

2019 ஜனவரி 15, மே ஐரோப்பாவோடு பேசி முடித்த விலகல் ஒப்பந்தத்தின் மேல் ஓட்டெடுப்பு. அங்கே மின்பொத்தான் கிடையாது. மணி அடிக்கும், நாடாளுமன்றக் கட்டடம் மட்டுமில்லை, பக்கத்துத் தெருவில் உள்ள சில மதுக்கடைகளில்கூட அந்த மணி அடிக்கும். எட்டு நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆம் என்பவர்கள் ஒரு கூடத்து வழியாகவும், இல்லை என்பவர்கள் இன்னொரு கூடத்து வழியாகவும் நடந்து போகவேண்டும், வாசலில் நின்று தலையை எண்ணுவார்கள். அன்று தொழிற்கட்சி எம்.பி. டூலிப் சித்திக் தன் சிசேரியனைத் தள்ளிப்போட்டுவிட்டு நிறைமாத வயிற்றோடு சக்கர நாற்காலியில் வந்தார். உங்களுக்கு ஈடாக எங்கள் பக்கம் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருப்பார் என்ற வழக்கமான ஏற்பாட்டை அவர் நம்பத் தயாரில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷம் அரசுத் தரப்பு அப்படி ஒரு வாக்கை மீறியிருந்தது. பிள்ளை பெறும் எம்.பி.க்கு வேறொருவர் ஓட்டுப் போடலாம் என்று அந்த மாதக் கடைசியில்தான் விதியை மாற்றினார்கள்.

எண்ணி முடித்தார்கள். ஆதரவு 202, எதிர்ப்பு 432. 230 ஓட்டு வித்தியாசம். எந்தப் பிரிட்டிஷ் அரசும் அந்தச் சபையில் அப்படித் தோற்றதில்லை.

எதிர்த்த 432 பேரில் 118 பேர் ஆளும் கன்சர்வேடிவ் கட்சி. கூடவே டி.யு.பி.யின் 10 பேர். அந்த 118-இல் பெரும்பாலானவர்கள் யார்? பிரெக்ஸிட் வேண்டாம் என்றவர்களா? இல்லவே இல்லை. பிரெக்ஸிட் போதாது என்றவர்கள். போரிஸ் ஜான்சன் அதில் ஒருவர். மக்களின் தீர்ப்பை நாடாளுமன்றம் மதிக்கவில்லை என்று பின்னாளில் மேடைக்கு மேடை முழங்கிய அதே மனிதர், பிரிட்டன் ஒழுங்காக வெளியேற வழி வைத்த ஒப்பந்தத்தை இரண்டு தடவை கவிழ்த்தவர். மூன்றாவது தடவைதான் ஆதரித்தார்.

மறுநாள் நடந்தது இன்னும் விசித்திரம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, அரசு 325-க்கு 306 என்று பிழைத்துக்கொண்டது. முந்தின நாள் காலை வாரிய அதே கட்சிக்காரர்கள் ஆட்சி கவிழ்வதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பிரதமர், இதில் தோற்றால் தேர்தல்தான் என்று மிரட்டி ஒரு மசோதாவை நிறைவேற்றிவிடலாம். நிலையான பதவிக்கால நாடாளுமன்றச் சட்டம் என்று 2011-இல் கொண்டுவந்து அந்தச் சவுக்கைப் பிடுங்கிவிட்டார்கள். 2022-இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள், ஆனால் அன்றைக்கு முன்கூட்டித் தேர்தல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 எம்.பி.க்கள் வேண்டியிருந்தது. ஆகவே அரசுக்கு ஆளவும் முடியாது, போகவும் முடியாது. முட்டுக்கட்டை என்று நாம் சொன்னது பெரிதும் இந்தப் பொறிதான்.

மார்ச் 12-இல் மே ஒப்பந்தத்தைத் திரும்பவும் கொண்டுவந்தார், 391-க்கு 242 என்று தோற்றார். மூன்றாவது தடவை கொண்டுவரப் பார்த்தபோது பெர்கோ எழுந்து, ஒரே கேள்வியை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்ப வைக்கக்கூடாது என்று 1604-ஆம் வருஷத்து மரபு ஒன்றை எடுத்துப் போட்டார். பெர்கோ நடுநிலையாக இருந்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் அந்தத் தீர்ப்பு சரி. மார்ச் 20 இரவு பிரதமர் டி.வி.யில் தோன்றி, தவறு எம்.பி.க்களுடையது, தான் மக்கள் பக்கம் என்று பேசினார். எவருடைய ஓட்டு வேண்டுமோ அவர்களையே ஊரறியத் திட்டினால் ஓட்டு எப்படி விழும்? பெர்கோவின் தீர்ப்புக்குத் தப்ப ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து, விலகல் பகுதியை மட்டும் மார்ச் 29-இல் கொண்டுவந்தார். 344-க்கு 286. அன்றும் 34 கன்சர்வேடிவ்கள் எதிர்த்தார்கள்.

சரி, எம்.பி.க்களின் குற்றம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது.

அந்தச் சபையில் நிகழ்ச்சிநிரல் அரசின் கையில். எதை எப்போது விவாதிப்பது என்பதில் நிலையாணை 14 அரசுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. அரசு வைத்ததற்கு ஆம், இல்லை சொல்லலாமே தவிர, எங்களுக்கு வேண்டியது இது என்று சபை தானாகச் சொல்ல வழியில்லை. மார்ச் 25-ஆம் தேதி ஆலிவர் லெட்வின் என்ற கன்சர்வேடிவ் எம்.பி. கொண்டுவந்த திருத்தம் 329-க்கு 302 என்று ஜெயித்து, ஒரு நாளின் நிகழ்ச்சிநிரல் எம்.பி.க்கள் கைக்கு வந்தது. 27-ஆம் தேதி எட்டு யோசனைகளைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்து, பிடித்ததற்கெல்லாம் ஆம் என்று குறிக்கச் சொன்னார்கள். எட்டில் ஒன்றுக்குக்கூடப் பெரும்பான்மை இல்லை.

ஏப்ரல் 1-ஆம் தேதி மறுபடி, இந்தத் தடவை நான்கு. நடுவில் பார்வையாளர் மாடத்தில் பருவநிலைப் போராட்டக்காரர்கள் சிலர் அரைகுறை உடையில் சபைக்கு முதுகைக் காட்டி நின்றதில் விவாதம் அரைச் சிரிப்பாகப் போயிற்று. ஆனால் கடைசியில் வந்த கணக்கு சிரிக்கும்படி இல்லை. கென் கிளார்க் முன்வைத்த சுங்க ஒன்றிய யோசனைக்கு ஆதரவு 273, எதிர்ப்பு 276. இரண்டே பேர் பக்கம் மாறியிருந்தால் நிறைவேறியிருக்கும். சட்டப்படி அது அரசைக் கட்டாது, உண்மைதான். ஆனால் சபை ஒன்றுக்குச் சரி என்று சொல்லிவிட்டது என்றால் அரசியல் அன்றிரவே மாறியிருக்கும்.

ஏன் நடக்கவில்லை? மறுவாக்கெடுப்பு வேண்டும் என்றவர்களில் பலர் சுங்க ஒன்றியத்துக்குக் கை தூக்கவில்லை, அது வந்துவிட்டால் தங்கள் யோசனை செத்துவிடும் என்ற கணக்கு. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி ஒதுங்கி நின்றது. அமைச்சர்களும் ஓட்டுப் போடவில்லை. ஏலச் சீட்டில் எல்லோரும் இந்த மாதம் கேட்கமாட்டேன், கடைசிவரை பொறுத்தால் முழுத் தொகை என்று உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் ஒவ்வொரு கோஷ்டியும் தனக்கு முழுசாகக் கிடைக்கும் என்று காத்திருந்தது. நிக் போல்ஸ் என்ற கன்சர்வேடிவ் எம்.பி.யின் நடுவழி யோசனையும் தோற்றது. அவர் எழுந்து, தன் கட்சி விட்டுக்கொடுக்க மறுத்ததால்தான் இது என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, இனி இந்தக் கட்சியில் உட்கார முடியாது என்று வெளியே நடந்தார். ஜனவரியின் 432-ஐத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சபை உண்மையில் தோற்ற இரவு இதுதான்.

இரண்டு நாள் கழித்து, ஒப்பந்தமில்லாமல் வெளியே விழாதபடி கெடுவை மறுபடி நீட்டிக்கக் கேள் என்று பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதாவை 313-க்கு 312 என்று ஒரே ஓட்டில் நிறைவேற்றினார்கள். ஆபத்தைத் தடுக்க ஒன்றுசேரத் தெரிந்தது, வழி காட்டத்தான் தெரியவில்லை. மறுநாள் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி சபையையே ஒத்திவைத்தார்கள், அது தனிக் கதை.

கெடு அக்டோபர் 31 வரை நீண்டது, மே போனார், ஜூலை 24-இல் ஜான்சன் வந்தார். ஆகஸ்ட் கடைசியில் மகாராணிக்கு ஆலோசனை சொல்லி நாடாளுமன்றத்தை ஐந்து வாரத்துக்கு முடக்கினார். வழக்கமாகப் புதுக் கூட்டத்தொடருக்கு முன்னால் சில நாள் இடைவெளி விடுவார்கள், அவ்வளவுதான். முடக்கம் தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த சில நாட்களில் எதிரணியும் ஆளுங்கட்சிக் கலகக்காரர்களும் சேர்ந்து இன்னொரு நீட்டிப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதற்குக் கை கொடுத்த 21 பேரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஜான்சன் நீக்கினார். கென் கிளார்க், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ் எல்லோரும் அதில் அடக்கம். ஆனால் ஒருவருக்கும் எம்.பி. பதவி போகவில்லை. நம் நாட்டில் 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். ஜனவரி 15 மாதிரி ஒரு இரவு டெல்லியில் நடக்கவே முடியாது. கட்சி தாவலைத் தடுத்தோம் என்று பெருமைப்படுகிறோம், கூடவே எதைத் தடுத்தோம் என்பதையும் யோசிக்கலாம்.

முடக்கம் உச்ச நீதிமன்றம் போயிற்று. செப்டம்பர் 24, தலைவர் ஹேல் அம்மையார், தோளில் பெரிய சிலந்தி வடிவ அணியூசி (புரோச்). பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக: தகுந்த காரணம் இல்லாமல் நாடாளுமன்றத்தை வேலை செய்யவிடாமல் தடுத்தது சட்டவிரோதம். அரசாணையைக் கொண்டுபோனவர்கள் வெற்றுக் காகிதத்தைக் கொண்டுபோனது போலத்தான், முடக்கமே நடக்கவில்லை என்றார்கள். மறுநாளே சபை கூடியது.

அதற்குப் பிறகு வந்ததை யாரும் சரியாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஜான்சன் புது ஒப்பந்தத்தோடு வந்தார், சோதனை கடலுக்குப் போயிற்று, டி.யு.பி. கைவிடப்பட்டது. அக்டோபர் 22-ஆம் தேதி அதைச் சட்டமாக்கும் மசோதாவின் இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது கொள்கை அளவிலான ஒப்புதலுக்கு, இதே நாடாளுமன்றம், தடுக்கிறது தடுக்கிறது என்று திட்டு வாங்கிய இதே சபை, 329-க்கு 299 என்று சம்மதம் சொன்னது. மறுத்தது ஒன்றைத்தான்: நூறு பக்கத்துக்கு மேற்பட்ட மசோதாவை மூன்று நாளில் முடிக்கச் சொன்ன கால அட்டவணையை. 322-க்கு 308. இன்னும் ஒரு சில வாரம் கொடுத்திருந்தால் அந்தச் சபையிலேயே முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜான்சனுக்கு வேண்டியது தேர்தல், அதில் எதிர்த்து நிற்க ஒரு வில்லன். டிசம்பர் 12-இல் 365 இடங்களோடு ஜெயித்தார், 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறியது.

வெளியேறியதோடு முடியவில்லை. எதிர்கால வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று முன்பு போராடி வாங்கிய விதியைப் புதுப் பெரும்பான்மை சத்தமில்லாமல் நீக்கிவிட்டது. 2020 டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 1,200 பக்கத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் முடிவானது. அதைச் சட்டமாக்கும் மசோதா 30-ஆம் தேதி வந்தது. இரண்டு அவைகளும் ஒரே நாளில் எல்லாக் கட்டங்களையும் முடித்தன. மக்களவையில் 521-க்கு 73. நாலரை வருஷம் சண்டை போட்ட விஷயத்தின் மிகப் பெரிய காகிதம் இதுதான். பிரிட்டிஷ் மீனவர்கள், வட அயர்லாந்துக்குச் சரக்கு அனுப்பும் கடைக்காரர்கள், ஐரோப்பாவில் கச்சேரி செய்யப் போகும் இசைக் கலைஞர்கள் எல்லோரும் புது விதிகளின் குளறுபடியை அடுத்த மாதமே அனுபவிக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்கு முட்டுக்கட்டை என்று யாரும் கத்தவில்லை, பெர்கோவும் இல்லை, டி.வி.யில் பார்த்துச் சிரிக்கவும் ஒன்றுமில்லை.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பேக்ஸ்டாப் பற்றிக் கேள்வி இருக்கும் என்று தெரியும், கேளுங்கள்.