பேதுருவை இயேசுவிடம் கூட்டிவந்த அந்திரேயா

எல்லாருக்கும் அன்பின் வணக்கம். சீடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறோம் இல்லையா, இன்றைக்கு அந்திரேயா.

பேதுரு என்றால் நமக்குப் பேச நிறைய இருக்கிறது. கடல்மேல் நடந்தது, மூன்று முறை மறுதலித்தது, சேவல் கூவியதும் மனங்கசந்து அழுதது. அந்திரேயா என்றால் 'பேதுருவின் சகோதரன்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். வேதமே அவரை அப்படித்தான் அறிமுகம் செய்கிறது. யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பேதுரு இன்னும் இயேசுவைச் சந்திக்கவே இல்லை. அதற்கு முன்பே, இயேசுவுக்குப் பின்னால் போன அந்திரேயாவை 'சீமோன் பேதுருவின் சகோதரன்' என்று எழுதிவிட்டார்கள்.

அவருடைய அழைப்பு என்றதும் கலிலேயா கடற்கரைதான் மனதில் வரும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடலில் வலை வீசுகிறார்கள், 'என் பின்னே வாருங்கள்' என்கிறார் இயேசு, உடனே வலைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதெப்படி, முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டதும் பிழைப்பை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அதற்கான பதில் யோவானில் இருக்கிறது. அவர்களுக்கு இயேசு முன்பின் தெரியாதவர் இல்லை.

அந்திரேயா முதலில் யோவான் ஸ்நானகனின் சீடர். பெத்சாயிதா ஊர்க்காரர், மீன்பிடிக்கிறவர், ஆனாலும் யோர்தான் பக்கம் போய் ஒரு தீர்க்கதரிசியின் காலடியில் உட்கார்ந்தவர். அப்படியென்றால் உள்ளுக்குள் ஒரு தேடல் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒருநாள் இயேசு நடந்து போவதைப் பார்த்து, 'இதோ, தேவ ஆட்டுக்குட்டி' என்கிறார் யோவான். பக்கத்தில் நின்ற இரண்டு சீடர்கள் அதைக் கேட்டு இயேசுவுக்குப் பின்னால் போகிறார்கள். அதில் ஒருவர் அந்திரேயா. 'என்ன தேடுகிறீர்கள்?' என்று இயேசு கேட்கிறார். 'ரபீ, நீர் எங்கே தங்கியிருக்கிறீர்?' என்கிறார்கள். 'வந்து பாருங்கள்' என்கிறார். அன்றைக்கு அவரோடேயே தங்குகிறார்கள். பத்து மணி வேளை என்று எழுதியிருக்கிறது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் சாயங்காலம் நாலு மணி. அவ்வளவு பெரிய அழைப்பு ஓர் அற்புதத்தில் தொடங்கவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியதில்தான் தொடங்கியிருக்கிறது.

கலிலேயா கடற்கரையில் நடந்தது இதற்கு அப்புறம். யோவான் ஸ்நானகன் காவலில் வைக்கப்பட்ட பிறகு என்று மாற்கு தெளிவாகச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்த 'உடனே' புரிகிறது.

அவர்கள் விட்டுவிட்டுப் போனதும் சின்ன விஷயம் இல்லை. கப்பர்நகூமில் சீமோனும் அந்திரேயாவும் இருந்த வீட்டை மாற்கு சொல்கிறார், அங்கேதான் சீமோனின் மாமியார் காய்ச்சலில் கிடந்தார். பக்கத்துப் படகில் இருந்த, யாக்கோபு யோவானின் தகப்பன் செபெதேயுவிடம் கூலியாட்களே இருந்தார்கள். 1986-இல் மழை பொய்த்து, கலிலேயா கடல் என்கிற அந்த ஏரியில் தண்ணீர் வற்றியபோது, கெனொசரேத் கரைச் சேற்றிலிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. சுமார் 8 மீட்டர் நீளம். சீடர்களுடைய படகு என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பல வகை மரத்துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பழுதுபார்த்திருக்கிறார்கள். ஒரு படகை அந்த மக்கள் எவ்வளவு அருமையாக வைத்திருந்தார்கள் என்று அதில் தெரிகிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். இயேசுவோடு தங்கிய கையோடு அந்திரேயா முதலில் தேடிப்போனது தன் சகோதரனை. 'மேசியாவைக் கண்டோம்' என்று சொல்லிக் கூட்டிவருகிறார். இயேசு சீமோனைப் பார்க்கிறார், அந்த நிமிடமே கேபா, அதாவது பேதுரு என்று புதுப்பெயர் கொடுக்கிறார். கூட்டிவந்தவருக்குப் புதுப்பெயர் எதுவும் இல்லை. பிறகும் அப்படித்தான். யவீருவின் மகளை எழுப்பியபோது உள்ளே போனவர்கள் பேதுரு, யாக்கோபு, யோவான். மறுரூப மலையிலும் அந்த மூன்று பேர்தான். கெத்செமனேயிலும் அவர்கள்தான். நாலு பேர் ஒரே கரையிலிருந்து கிளம்பினார்கள், ஒருவர் மட்டும் வெளியே நிற்கிறார். பன்னிருவர் பட்டியலிலும் பாருங்கள், மத்தேயுவிலும் லூக்காவிலும் இரண்டாவதாக வருகிற பெயர், மாற்கிலும் அப்போஸ்தலருடைய நடபடிகளிலும் நாலாவதாகப் போய்விடுகிறது.

யார் பெரியவன் என்று சீடர்கள் தர்க்கம் பண்ணியது உண்மை. யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் இடம் கேட்டார்கள், மற்றப் பத்துப்பேருக்கும் எரிச்சல் வந்தது. அந்தப் பத்துப்பேரில் அந்திரேயாவும் உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தனக்கென்று அவர் எதையும் கேட்டதாக ஓர் இடத்திலும் இல்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? முதல் குருவான யோவான் ஸ்நானகனிடமிருந்து என்றுதான் நான் நினைக்கிறேன். தன் சீடர்களைத் தானே இன்னொருவரிடம் அனுப்பிவிட்டு, 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்று சொன்னவரிடம் பாடம் படித்தவர் இவர்.

ஐயாயிரம் பேர் பசியோடு இருந்த இடத்தில் இதைப் பார்க்கலாம். பிலிப்பு கணக்குப் போடுகிறார்: இருநூறு பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் போதாது. ஒரு பணம் ஒரு ஆளின் ஒருநாள் கூலி, கணக்கு சரிதான். அந்திரேயாவோ ஒரு பையனைக் காட்டுகிறார். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். வாற்கோதுமை ஏழைகளின் சாப்பாடு. அவ்வளவு கூட்டத்தில் ஒரு பையன் கையில் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அவனோடு நின்று பேசியிருக்க வேண்டும். 'இவ்வளவு ஜனங்களுக்கு இது எம்மாத்திரம்' என்று அவரும் சந்தேகப்படுகிறார். சந்தேகம் இருந்தும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விடவில்லை. அந்த விசுவாசத்தை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

யோவான் 12-இல் கிரேக்கர் சிலர் வந்து பிலிப்பிடம், இயேசுவைக் காண விரும்புகிறோம் என்கிறார்கள். பிலிப்பு நேராகப் போகவில்லை, முதலில் அந்திரேயாவிடம் வருகிறார். இரண்டு பேரும் ஒரே ஊர். இவரிடம் சொன்னால் வழி கிடைக்கும் என்ற நம்பிக்கை! இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்ன பிறகுதான், கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும் என்ற அந்தப் பெரிய வார்த்தையை இயேசு பேசுகிறார்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் முதல் அதிகாரத்தில் சீடர்கள் மேலறையில் கூடியிருந்ததற்குப் பிறகு வேதத்தில் அவர் பெயர் இல்லை. கிரேக்க தேசத்துப் பத்ராஸ் பட்டணத்தில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது சபைப் பாரம்பரியம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அவரைத் தங்கள் தேசத்துப் புனிதராக வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821-இல் எழும்பூரில் திறந்த ஆலயமும் அவர் பெயரில்தான் நிற்கிறது. நவம்பர் 30 அவருடைய நாள்.

யோவான் 1, 6, 12 ஆகிய அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு, உங்களுக்குத் தோன்றியதைக் கீழே எழுதுங்கள். இந்த மூன்றிலும் கூடவே வருகிற பிலிப்பைப் பற்றி அடுத்த காணொளியில் பேசுவோம்.