அமெரிக்க மாணவர் கடன் தள்ளுபடி: ஒழுங்காகக் கட்டியவர்கள் ஏமாளிகளா?

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். "அமெரிக்காவில் மாணவர் கடனை அரசு தள்ளுபடி செய்யப்போகிறது என்றார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது என்றார்கள். ஆனால் பைடன் ஆட்சியில் 50 லட்சம் பேருக்குத் தள்ளுபடி கிடைத்தது என்றும் படித்தேன். எது உண்மை? வாங்கிய கடனைக் கட்டத்தானே வேண்டும்? ஒழுங்காகக் கட்டியவர்கள் எல்லாம் ஏமாளிகளா? என் மகன் எம்.எஸ். படிக்க அங்கே போகப்போகிறான். அவனுக்கும் இது கிடைக்குமா?"

ஐயா, நீங்கள் படித்த இரண்டு செய்தியும் உண்மைதான். அங்கே இரண்டு வேறு தள்ளுபடிகள் ஒரே காலத்தில் பேசப்பட்டன. ஊரே சண்டை போட்டது ஒன்றைப் பற்றி. அதில் ஒருவருக்கு ஒரு டாலர்கூடக் கழியவில்லை. இன்னொன்று பெரிய சத்தமில்லாமல் நடந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன் பெற்றது அதில்தான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் உங்கள் நியாயக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மத்திய அரசின் மாணவர் கடன் பாக்கி ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர். டாலரில்தான் சொல்கிறேன், ரூபாயில் இல்லை. கடன் வாங்கியவர்கள் சுமார் 4.3 கோடிப் பேர். கடன் கொடுத்தது யார் என்பது முக்கியம். 2010 வரை இதில் ஒரு பகுதியைத் தனியார் வங்கிகள் அரசு உத்தரவாதத்தின் பேரில் கொடுத்துவந்தன. அந்த ஆண்டு சட்டத்தை மாற்றி, புதிய கடனை எல்லாம் அரசே நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஆக, கடன் கொடுத்தவரும் அரசு, விதியை எழுதுபவரும் அரசு. அதனால்தான் இது ஒவ்வொரு தேர்தலிலும் மேடைக்கு வருகிறது. 2020 தேர்தலின்போது ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே பெர்னி சாண்டர்ஸ் மொத்தத்தையும் ரத்து செய்யவேண்டும் என்றார், எலிசபெத் வாரன் 50,000 டாலர் வரை என்றார், பைடன் 10,000 டாலர் என்றார்.

பைடன் ஜெயித்தார். 2022 ஆகஸ்டில் திட்டத்தை அறிவித்தார். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் கீழே இருந்தால் 10,000 டாலர் தள்ளுபடி. பெல் கிராண்ட் என்று ஏழைக் குடும்ப மாணவர்களுக்கான உதவித்தொகை ஒன்று உண்டு, அதை வாங்கிப் படித்தவர்களுக்கு 20,000 டாலர் வரை. அரசின் செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. 2.6 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள், அவர்களில் 1.6 கோடிப் பேரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அத்தோடு நீதிமன்றம் நிறுத்திவிட்டது.

ஏன் நிறுத்தியது? பைடன் இதற்கென்று நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் போடவில்லை. அங்கே அவருக்கு அந்தப் பலம் கிடையாது. ஈராக் போர்க் காலத்தில், 2003இல் போட்ட ஒரு சட்டத்தை எடுத்தார். போர், நாட்டு நெருக்கடி போன்ற காலங்களில் மாணவர் கடன் விதிகளைக் கல்வித்துறைச் செயலர் விலக்கலாம் அல்லது மாற்றலாம் என்று அதில் இருக்கிறது. கொரோனாவும் நெருக்கடிதானே என்பது அரசின் வாதம். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம், விதியைக் கொஞ்சம் மாற்றுவதற்குக் கொடுத்த அதிகாரத்தை வைத்து இவ்வளவு பெரிய திட்டத்தையே உருவாக்க முடியாது என்பதுதான். தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, நாடாளுமன்றம்தான் செய்யவேண்டும் என்று பைடன் கட்சியைச் சேர்ந்த நான்சி பெலோசியே 2021இல் பேசியிருந்தார். ராபர்ட்ஸ் அதையும் தீர்ப்பில் எடுத்துப் போட்டார். நெருக்கடிக் காலத்தில் பயன்படுத்தத்தான் சட்டம் இவ்வளவு விரிவாக எழுதப்பட்டது என்று நீதிபதி எலீனா கேகன் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

என் கருத்தைச் சொல்கிறேன். எனக்கு இந்தத் திட்டத்தின் நோக்கம் பிடிக்கும், போன வழி பிடிக்கவில்லை. 40,000 கோடி டாலர் என்பது மக்கள் பிரதிநிதிகள் கைதூக்கி ஓட்டுப்போட்டு முடிவு செய்யவேண்டிய தொகை. இன்று நமக்குப் பிடித்த அதிபர் செய்தால், நாளை பிடிக்காதவரும் இதே வழியில் வேறு எதையாவது செய்வார்.

இப்போது உங்கள் நியாயக் கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியை 2020 ஜனவரியில், அயோவா மாநிலத்தில், ஓர் அப்பா எலிசபெத் வாரனிடம் நேருக்கு நேர் கேட்டார். என் மகள் படிப்பை முடிக்கப்போகிறாள், நான் காசு சேர்த்துப் படிக்கவைத்தேன், அவளுக்குக் கடனே இல்லை, என் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்றார். நிச்சயமாக இல்லை என்றார் வாரன். அப்படியானால் சரியாக நடந்துகொண்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தானே நஷ்டம் என்று அவர் கொதித்துப் பேசிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் பயிர்க்கடன் தள்ளுபடி வரும்போதெல்லாம், நகையை விற்றுக் கடனை அடைத்த விவசாயி கேட்பதும் இதைத்தான். அமெரிக்காவில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் பட்டதாரிகள் நூற்றுக்கு 40 பேர்கூட இல்லை. கல்லூரிப் பக்கமே போகாத லாரி ஓட்டுநரின் வரிப்பணத்தில் ஒரு வக்கீலின் கடனை ஏன் அடைக்கவேண்டும் என்று குடியரசுக் கட்சி கேட்டது. அதற்கு ஜனநாயகக் கட்சி, கொரோனா காலத்தில் வியாபாரிகளுக்குக் கொடுத்த கிட்டத்தட்ட 80,000 கோடி டாலர் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தீர்களே, அப்போது இந்தக் கேள்வி எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்டது. ஆனால் ஒன்று. அந்த வியாபாரக் கடன், ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டால் தள்ளுபடி என்று முதல் நாளே சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை.

சரி, வாங்கிய கடனைக் கட்டத்தானே வேண்டும் என்றீர்கள். கட்டியும் தீராத கடன் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி மட்டும் 150 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு, வருமானத்துக்கு ஏற்றபடி தவணை கட்டும் திட்டங்கள் உண்டு. அதன்படி அவருக்கு மாதம் 100 டாலர் தவணை என்று நிர்ணயிக்கிறார்கள். அவர் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறார். ஆனால் மாதாமாதம் 50 டாலர் வட்டி பாக்கி நிற்கிறது. பத்து வருடத்தில் அவர் கட்டியது 12,000 டாலர். பாக்கி? 36,000 டாலர். வட்டிக்கு வட்டி போடாமலே இந்தக் கணக்கு! அசலில் ஒரு காசு குறையவில்லை. இவரைப் பார்த்து, கடனைக் கட்டாமல் ஏமாற்றுகிறான் என்று யார் சொல்ல முடியும்?

வியாபாரம் நொடித்தால் மஞ்சள் கடிதாசி கொடுக்கலாம். கிரெடிட் கார்டு கடனுக்கும் அங்கே திவால் மனு போடலாம். மாணவர் கடனுக்கு அந்தக் கதவை 1976இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினார்கள். முதலில் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள், பிறகு ஏழு வருடம், 1998இல் அதையும் எடுத்துவிட்டார்கள். தாங்கவே முடியாத கஷ்டம் என்று நீதிமன்றத்தில் தனியாக நிரூபித்தால்தான் விடுதலை. 2005இல் தனியார் மாணவர் கடன்களையும் இதில் சேர்த்தார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. தவணை கட்ட முடியாமல் விழுபவர்களில் பலர் லட்சக்கணக்கில் வாங்கிய டாக்டரோ வக்கீலோ கிடையாது. சில ஆயிரம் டாலர் வாங்கி, பாதியில் படிப்பை விட்டு, பட்டமும் இல்லாமல் நல்ல வேலையும் இல்லாமல் நிற்பவர்கள்.

இப்போது அந்த இரண்டாவது தள்ளுபடி. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2007இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அரசு வேலையிலோ லாப நோக்கில்லாத அமைப்பிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி. ஆசிரியர்கள், நர்சுகள், தீயணைப்பு வீரர்கள் இதை நம்பிச் சம்பளம் குறைவான வேலையில் சேர்ந்தார்கள். பத்து வருடம் கழித்து 2017இலிருந்து விண்ணப்பிக்க ஆரம்பித்தபோது, ஆரம்பத்தில் 99 சதவீத விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஏன்? உன் கடன் வேறு வகை, இந்தத் திட்டத்தில் வராது என்றார்கள். தவணைத் திட்டத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாய், நீ கட்டிய வருடங்கள் கணக்கில் சேராது என்றார்கள். அரசுக்காக வசூலிக்கும் நிறுவனங்கள் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் வந்தன. ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையை நினைத்துப் பாருங்கள். பத்து வருடம் தவணை தவறாமல் கட்டி முடித்த பிறகு, நீ முதல் மாதத்திலிருந்தே தப்பான வரிசையில் நின்றிருக்கிறாய் என்கிறார்கள்.

பைடன் ஆட்சியில் நடந்த தள்ளுபடியில் பெரும்பகுதி இந்தப் பழைய பாக்கியைத் தீர்த்ததுதான். பொதுச் சேவையில் இருந்த 10 லட்சம் பேருக்கு மேல், 20 வருடத்துக்கும் மேலாகக் கட்டியும் தவணைகள் சரியாக எண்ணப்படாதவர்கள், உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் போனவர்கள், பொய் விளம்பரம் செய்து மூடிக்கொண்ட லாப நோக்குக் கல்லூரிகளில் ஏமாந்தவர்கள். கொரிந்தியன் என்ற கல்லூரிக் குழுமம் 2015இல் இழுத்து மூடப்பட்டது, அதன் மாணவர்களும் இதில் அடக்கம். மொத்தம் 18,000 கோடி டாலருக்கும் மேல். இதில் பெரும்பாலும் நாடாளுமன்றம் ஏற்கெனவே போட்டுவைத்த சட்டங்களின்படி நடந்தது. அந்த ஆசிரியைக்குக் கிடைத்ததைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு எழுதிக் கொடுத்த வாக்கு அது, அவர் தன் பங்கை முடித்துவிட்டார். ஆகவே ஐயா, ஏமாளிகள் யார் என்று கேட்டால், கட்டியும் ஏமாந்த இவர்களைத்தான் நான் முதலில் சொல்வேன்.

எதிர்ப்பாளர்கள் சொன்னதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் பைடன் தரப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இன்று எல்லோருக்கும் 10,000 டாலர் கழித்தாலும், அடுத்த செப்டம்பரில் கல்லூரியில் சேரும் பிள்ளை அதே கட்டணத்துக்கு அதே கடனைத்தானே வாங்கும்? கட்டணத்தைத் தொடாமல் கடனை மட்டும் கழிப்பது எத்தனை நாளைக்கு? டிரம்ப் ஆட்சியில் 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை வேறு பக்கமிருந்து பிடித்தது. பட்டமேற்படிப்புக்கு அரசு கொடுக்கும் கடனுக்கு மொத்த வரம்பு 1,00,000 டாலர், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு 2,00,000 டாலர். 2026 ஜூலை முதல் புதிய தவணைத் திட்டம். அதில் தவணையை ஒழுங்காகக் கட்டினால் மீதி வட்டி பாக்கியாக ஏறாது. நான் மேலே போட்ட கணக்கில் இருந்த கொடுமைக்கு இது நல்ல மருந்து, அதைப் பாராட்டவேண்டும். ஆனால் தள்ளுபடிக்கு 30 வருடம் காத்திருக்கவேண்டும். 25 வயதில் ஆரம்பித்தால் 55. வரம்புக்கு மேல் பணம் தேவைப்படும் ஏழைப் பிள்ளைகள் தனியார் கடனைத் தேடிப் போவார்களே என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

கடைசியாக உங்கள் மகன் விஷயம். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அமெரிக்க அரசின் மாணவர் கடன் கிடையாது. கடனே இல்லாததால் தள்ளுபடிக்கும் இடமில்லை. குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மாதிரி சிலருக்குத்தான் அது. அங்கே போனால் கடன் தள்ளுபடியாகிவிடும் என்று ஏதாவது ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மகன் வாங்கப்போவது இங்கே உள்ள வங்கிக் கடன். 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாக வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது ஈடு கேட்பார்கள். நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் வங்கி மேலாளரிடம், படிப்பு முடியும் நாளில் மொத்தப் பாக்கி எவ்வளவு நிற்கும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.