வாந்தி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்: கீமோதெரபியும் குழந்தைகளின் குமட்டலும்

[திரையில்: மருத்துவமனை வார்டின் கதவு. தாயின் கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன் நிற்கிறான்.]

மூன்றாவது கீமோதெரபிக்காக வந்திருக்கும் ஒரு குழந்தை, ஊசி போடுவதற்கு முன்பே, வார்டில் தரை துடைக்கும் கிருமிநாசினியின் வாசனை பட்டதுமே வாந்தி எடுப்பதைப் பெற்றோர் சிலர் பார்த்திருப்பீர்கள். மருந்து இன்னும் ஒரு சொட்டுக்கூட உடலுக்குள் போகவில்லை. பயத்தில் நடிக்கிறது என்றும், செல்லம் கூடிவிட்டது என்றும் பார்க்க வரும் உறவினர்கள் சொல்வதுண்டு, இரண்டும் தவறு. முதல் இரண்டு முறை பட்ட பாட்டை அந்தக் குழந்தையின் மூளை வாசனையோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொண்டுவிட்டது. இந்த முன்கூட்டிய வாந்தி ஒருமுறை படிந்துவிட்டால் அதைக் கலைப்பது மிகக் கடினம். ஆகவேதான் முதல் கீமோவிலேயே வாந்தி வராமல் தடுப்பதில் மருத்துவர்கள் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்.

[திரையில்: குடலிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் நரம்பின் வரைபடம்.]

கீமோ மருந்து சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சில செல்களைத் தாக்கும்போது, அவற்றிலிருந்து செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் மூளைத்தண்டை எட்டியதும் வாந்தி வருகிறது. முதல் 24 மணி நேரத்தில் வரும் வாந்திக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதற்குப் பிந்தைய நாட்களில் வருவதில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் நாளுக்கு நன்றாக வேலை செய்த மருந்து மூன்றாம் நாளில் கைவிடுவது இதனால்தான்.

எல்லாக் கீமோ மருந்துகளும் ஒரே அளவில் வாந்தியை உண்டாக்குவதில்லை. எலும்புப் புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின், தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால், 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோருக்கு வாந்தி வரச்செய்யும் வகையைச் சேர்ந்தது; ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அடிக்கடி போடப்படும் வின்கிரிஸ்டின் 10 பேருக்குக்கூட அப்படிச் செய்யாத வகை. ஆகவே, பக்கத்துக் கட்டில் பிள்ளை இட்லி சாப்பிடுகிறதே, நம் பிள்ளை மட்டும் ஏன் துவண்டு கிடக்கிறது என்று ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை.

சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளுக்கு வழக்கமாக மூன்று தடுப்பு மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன: செரட்டோனினைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான் அல்லது கிரானிசெட்ரான், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 'சப்ஸ்டன்ஸ் பி'யைத் தடுக்கும் அப்ரெபிடன்ட். இவற்றைக் கீமோ தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பயனில்லாத சிக்கனம். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சையிலேயே ஸ்டீராய்டு இருக்கும் என்பதாலும், சில மூளைக் கட்டிகளில் அது விரும்பத்தக்கதல்ல என்பதாலும், மருத்துவர் டெக்சாமெத்தசோனைத் தவிர்க்கக்கூடும்.

சில மருத்துவர்கள் ஓலன்சாபின் மாத்திரையையும் எழுதித் தருவார்கள். அதன் பெயரை இணையத்தில் தேடி, 'என் பிள்ளைக்கு மனநோய் மருந்தா?' என்று பதறும் பெற்றோர் உண்டு. அது மனநோய்க்கும் பயன்படும் மருந்து என்பது உண்மைதான். ஆனால் வாந்தியைத் தூண்டும் பல வழிகளை அது ஒரே நேரத்தில் அடைக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 5 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மூன்று மருந்துகளோடு இதையும் சேர்த்தபோது வாந்தி குறைந்தது. தூக்கக் கலக்கம் கூடியது. அன்றைக்குப் பிள்ளை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினால் அதற்கு இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம். எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

[திரையில்: வீட்டு மேசையில் மாத்திரை அட்டையும் ஒரு நோட்டும்.]

வீட்டில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. வீடு திரும்பிய மறுநாள் குழந்தை விளையாடுவதைப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது, வீணாக மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறார்கள். சிஸ்பிளாட்டினைப் பொறுத்தவரை இரண்டாம், மூன்றாம் நாள்தான் குமட்டல் உச்சத்துக்குப் போகும். எழுதித் தந்த நாட்கள் முடியும்வரை நேரம் தவறாமல் கொடுங்கள். மாத்திரை கொடுத்த சிறிது நேரத்திலேயே வாந்தியில் வந்துவிட்டால், நீங்களாக மறுபடி கொடுக்காமல் வார்டுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்தை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். சில குழந்தைகளுக்கு அதனால் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண்கள் மேலே செருகும். ஆன்டன்செட்ரானும் வின்கிரிஸ்டினும் மலச்சிக்கலை உண்டாக்கும், மலச்சிக்கல் குமட்டலைக் கூட்டும். அதற்கு ஆசனவாய் வழியாக எந்த மருந்தையும் வீட்டில் செலுத்தக் கூடாது.

இனி உணவு. 1978-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியல் ஆய்வாளர், வயிற்றைப் புரட்டும் கீமோவுக்குச் சற்று முன்பாகக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார். பின்னொரு நாள் அதையே நீட்டியபோது அவர்களில் பலர் வேண்டாம் என்றார்கள். மருந்தால் வந்த குமட்டலுக்கான பழியை உடல் ஐஸ்கிரீமின்மேல் போட்டுவிட்டது. 1987-இல் அவர் இதையே திருப்பிப் பயன்படுத்தினார்: உணவுக்கும் கீமோவுக்கும் நடுவே அழுத்தமான சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தபோது, பழியை மிட்டாய் ஏற்றுக்கொண்டு உணவு தப்பித்தது.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாவம், ஊசி போடப் போகிறார்கள், பிடித்ததையாவது சாப்பிடட்டும் என்று, அன்றைக்குப் பார்த்து அம்மா பிள்ளைக்கு மிகப் பிடித்த குழம்பை வைத்து எடுத்துவருகிறார். அன்பினால் செய்வதுதான், ஆனால் அடுத்த பல மாதங்களுக்குப் பிள்ளை அந்தக் குழம்பைத் தொடாமல் போகலாம். கீமோ நாளன்று கஞ்சி, இட்லி, ரஸ்க் போன்ற எளிய உணவு போதும். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. தாளிப்பு வாசனை எட்டாத அறையில் பிள்ளையைப் படுக்கவையுங்கள். வாந்தி நின்ற பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காமல், காய்ச்சி ஆறிய நீரையோ அதில் கலந்த ஓஆர்எஸ் கரைசலையோ சில நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். வாந்தியைத் துடைக்கும்போது, கீமோ முடிந்து 48 மணி நேரம்வரை கையுறை அணிந்துகொள்ளுங்கள். மருந்தின் மிச்சம் அதில் இருக்கும்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, அழும்போது கண்ணீர் வராமல் இருப்பது, வாந்தியில் ரத்தமோ பச்சை நிறமோ தெரிவது, கடுமையான தலைவலியோடு வாந்தி வருவது, 38 டிகிரி செல்சியசை எட்டும் காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

[திரையில்: நோட்டில் ஒரு குழந்தை வரைந்த ஐந்து முகங்கள், சிரிப்பிலிருந்து ஓக்காளம்வரை.]

வாந்தி கண்ணுக்குத் தெரியும், குமட்டல் தெரியாது. சிறு குழந்தை அதை 'வயிறு வலிக்குது' என்றோ 'ஒரு மாதிரியா இருக்கு' என்றோதான் சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு சுருண்டு படுத்திருக்கும். இதுபோன்ற முகங்களைக் காட்டி, இப்போது எது நீ என்று கேளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த முகம், எத்தனை முறை வாந்தி, எந்த மாத்திரைக்குப் பிறகு தணிந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வார்டு வாசனைக்கே குமட்டும் பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள். முந்தின இரவு தருவதற்கு லோரசெபம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையையோ, மனத்தைத் தளர்த்தும் பயிற்சியையோ மருத்துவர் ஏற்பாடு செய்ய முடியும். அடுத்த கீமோவுக்கு வரும்போது டிரிப் ஏற்றிய பிறகு அல்ல, ஏற்றுவதற்கு முன்பே அந்த நோட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.