வாசலில் நின்று கதவைத் தட்டும் பிரிஜித்

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்துப் பண்டிகை என்றதும் நிறையப் பேருக்கு மார்ச் 17தான் நினைவுக்கு வரும், புனித பாட்ரிக் நாள், பச்சைத் தொப்பி, தெருவில் ஊர்வலம். நான் இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. அதற்கு ஆறு வாரம் முன்னால், பிப்ரவரி 1ஆம் தேதி வருகிற புனித பிரிஜித் திருநாளைப் பற்றி. எனக்கு ரொம்பப் பிடித்த நாள் இது, ஏனென்றால் இது கோயிலுக்குள் வாழ்ந்ததைவிட வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் மாட்டுக்கொட்டிலிலும்தான் அதிகம் வாழ்ந்திருக்கிறது.

நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு விவசாயி வீடு, அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 31, பொழுது சாய்ந்துவிட்டது, அடுப்பில் உருளைக்கிழங்கு வேகிறது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு கட்டு கோரைப்புல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிற்கிறாள், கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவள் வெளியிலிருந்து கதவைத் தட்டி உரக்கச் சொல்வாள்: "மண்டியிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்!" உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, "வரட்டும், வரட்டும், அந்தச் சீமாட்டி வரட்டும்" என்பார்கள். அப்புறம்தான் கதவு திறக்கும். அந்தச் சில நொடிகளுக்கு அந்தப் பெண்பிள்ளைதான் பிரிஜித்.

சாப்பிட்டு முடித்ததும் அதே புல்லில் சிலுவை முடைவார்கள். நடுவில் ஒரு சதுரம், அதிலிருந்து காற்றாடி மாதிரி நான்கு கைகள். புல்லை அரிவாளால் அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்கம். வாசல்நிலைக்கு மேலே ஒன்று, கொட்டிலில் ஒன்று. வீடு தீப்பிடிக்காமலும் பசி உள்ளே வராமலும் அது காக்கும் என்று நம்பினார்கள். கூரை வேய்ந்த வீடு, உள்ளே அணையாத அடுப்பு, தீயைப் பற்றிய பயம் எவ்வளவு இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். 1961ஆம் வருடத்தின் கடைசி நாளில் அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியபோது இந்தச் சிலுவையைத்தான் சின்னமாக வைத்துக்கொண்டது, 1995 வரை அது திரையில் இருந்தது.

சாகக் கிடந்த ஒரு தலைவனின் படுக்கை ஓரம் உட்கார்ந்து, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்து பிரிஜித் முடைந்ததுதான் முதல் சிலுவை என்று கதை சொல்வார்கள். அழகான கதை. ஆனால் 7ஆம் நூற்றாண்டில் கோகிடோசுஸ் என்ற துறவி லத்தீனில் எழுதிய பிரிஜித்தின் வரலாற்றில் இது கிடையாது, மக்கள் பிற்பாடு சேர்த்தது.

சரி, யார் இந்த பிரிஜித்? மரபுப்படி 5ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்தவர், அப்பா ஒரு சிற்றரசர், அம்மா அந்த வீட்டு அடிமை. கையில் எது கிடைத்தாலும் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும் பெண். பால் கடையும் வேலைக்கு வைத்தால் வெண்ணெயைத் தானம் செய்துவிடுவார். பொறுக்க முடியாத அப்பா, இவளை விற்றுவிடலாம் என்று அயர்லாந்தின் கிழக்கே இருந்த லெய்ன்ஸ்டர் அரசனிடம் தேரில் அழைத்துப்போனார். அவர் உள்ளே பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது தொழுநோயாளி ஒருவன் வந்து கையேந்த, தேரிலிருந்த அப்பாவின் வாளை எடுத்து பிரிஜித் அவனிடம் கொடுத்துவிட்டார்! பிரிஜித்தைப் பற்றி எத்தனையோ அற்புதக் கதைகள் உண்டு, எனக்கு மனதில் நிற்பது இதுதான். இதில் அற்புதமே இல்லை. தன்னை விற்க வந்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு பெண் இப்படிச் செய்கிறாள்.

பிற்பாடு கில்டேர் என்ற ஊரில் மடம் அமைத்தார். ஐரிஷ் மொழியில் கில் தாரா, அதாவது ஓக் மரக் கோயில். ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த பெரிய மடம் அது. பக்கத்திலேயே கர்ரா என்ற புல்வெளி, இன்றும் சுமார் 5,000 ஏக்கர் திறந்த நிலம். மடத்துக்கு நிலம் கேட்டபோது, "உன் மேலங்கி மூடுகிற அளவு எடுத்துக்கொள்" என்றானாம் அரசன். அங்கி விரிந்து விரிந்து அந்த வெளி முழுவதையும் மூடியதாம்.

இன்னொரு பிரிஜித்தும் உண்டு, அங்கேதான் விவாதம் தொடங்கும். 900 வாக்கில் எழுந்த, கோர்மக் பெயரில் வழங்கும் பழைய ஐரிஷ் சொல்விளக்க நூல், கவிஞர்கள் வணங்கிய தெய்வம் பிரிஜித் என்கிறது. அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, இன்னொருத்தி கொல்லர் வேலைக்கு. பிப்ரவரி 1ஆம் தேதியோ, கிறித்தவத்துக்கு முந்தைய நாலு பருவ நாட்களில் ஒன்றான இம்போல்க். குளிர்காலம் முடிந்து சினை ஆடுகளுக்குப் பால் சுரக்கிற காலம். அதனால் அந்தத் தெய்வத்துக்கே கிறித்தவச் சபை புனிதையின் அங்கியை மாட்டிவிட்டது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. தெய்வத்தைப் பற்றி நம்மிடம் இருப்பது சில வரிகள்தான், அதை எழுதியவர்களும் கிறித்தவர்களே. தாரா என்ற குன்றில் 5,000 வருடம் பழைய ஒரு கல்லறை மேடு இருக்கிறது, பிப்ரவரித் தொடக்கத்துச் சூரியன் உதிக்கும்போது அதன் உள்வழியில் ஒளி விழும். அந்த நாள் ஆதியிலிருந்தே முக்கியம் என்பதற்கு இதைக் காட்டலாம், பிரிஜித்தைப் பற்றி அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்ந்த ஒரு பெண்ணின் நினைவும் பழைய தெய்வத்தின் பெயரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்றுதான் நான் நினைக்கிறேன்.

கில்டேர் மடத்தில் அணையாத ஒரு தீ இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் எழுதி வைத்திருக்கிறார்: 19 கன்னியர் ஆளுக்கு ஓர் இரவு காவல் காப்பார்கள், 20ஆம் இரவு விறகை அடுக்கி வைத்து, "பிரிஜித், இது உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் தீ எரிந்துகொண்டிருக்கும். சுற்றிலும் வேலி, ஆண்கள் உள்ளே போகக் கூடாது. 16ஆம் நூற்றாண்டில் மடங்கள் மூடப்பட்டதோடு அந்தத் தீயும் போனது. 1993-ல் பிரிஜித் பெயரில் இயங்கும் பிரிஜிதைன் சபைக் கன்னியர் கில்டேர் சந்தைச் சதுக்கத்தில் அதை மறுபடி ஏற்றினார்கள்.

நடுவில் நானூறு வருடம் தீ இல்லை. ஆனால் பண்டிகை நிற்கவே இல்லை. பிள்ளைகள் வைக்கோல் பொம்மை செய்து பிரிஜித் என்று வீடு வீடாகத் தூக்கிப் போனார்கள். தென்மேற்கே கெர்ரி பக்கம் இளைஞர்கள் வைக்கோல் தொப்பி போட்டுப் பாட்டும் ஆட்டமுமாகச் சுற்றினார்கள், இன்றும் சுற்றுகிறார்கள். விவசாயி கொட்டிலுக்குப் போய், மாட்டுத் தீவனம் இன்னும் பாதியாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பான், ஏனென்றால் புல் முளைக்க இன்னும் நாள் ஆகும். பெண்கள் ஒரு துண்டுத் துணியை இரவு வெளியே செடி மேல் போடுவார்கள். பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார் என்று நம்பிக்கை. தலைவலிக்கு அதைக் கட்டுவார்கள், பிரசவ வலி எடுத்தால் அதைக் கொண்டுவருவார்கள், பசு கன்று போடும்போதும் அதேதான்.

2023 முதல் இது அரசு விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் அரசு விடுமுறை இதுதான், இவ்வளவு தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, வந்ததில் சந்தோஷமும் உண்டு. பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக இருந்தால் அன்றே விடுமுறை, இல்லாவிட்டால் அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை. துணி மட்டும் எப்போதும்போல ஜனவரி 31 இரவுதான் வெளியே போகிறது.