அண்ணாந்து பார்த்த உயரம்

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. கைதட்டலையும் நடுவில் போன கரண்டையும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த மைக்கை ஆகாயத்தில் நிறுத்திவிட்டுப் போன பேராசிரியர் அவர்களே, அதைக் கீழே இறக்கித் தந்த ஒலிபெருக்கித் தம்பியே, என்னை மாதிரி எத்தனையோ பேருக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நம் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே (உங்களிடம் பிறகு வருகிறேன்), எல்லோருக்கும் வணக்கம்.

வணிகர் சங்கப் பொருளாளர் அண்ணாச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். போன வருஷம் அவரைச் சொல்ல மறந்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அண்ணாச்சி, வணக்கம். இந்தப் பொன்னாடை உங்கள் கடைச் சரக்குதான், கரையைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் முப்பத்திரண்டு வருஷம் நிலஅளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். என் உயரம் 5 அடி 4 அங்குலம். காலையில் எழுந்ததும் அளந்தால் கொஞ்சம் கூட வரும். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவிலிருக்கிற வட்டுகள் நீர் வாங்கி உப்பும். பகலெல்லாம் நின்று நடந்தால் அமுங்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம் வரும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது தன் உயரத்தைச் சொன்னால், காலை உயரமா மாலை உயரமா என்று கேளுங்கள்.

குறள் எல்லாவற்றையும் பேராசிரியர் எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சம் ஒரு பழமொழிதான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. இன்றைக்கு இதை நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். பெரிய மனிதர்கள் நிஜத்தில் எவ்வளவு உயரம். அதை ஏன் நாம் கூட்டிச் சொல்கிறோம். மூன்றாவது, கல்யாணச் சந்தையில் பெண்பிள்ளைகளின் உயரம்.

நெப்போலியனில் ஆரம்பிக்கிறேன். குள்ளன் என்றதும் உலகமே அவரைத்தான் கை காட்டும். 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் அவர் இறந்தபோது அளந்து எழுதியது 5 அடி 2 அங்குலம். ஆனால் அது பிரெஞ்சு அடி, பிரெஞ்சு அங்குலம்! ஆங்கில அங்குலம் 2.54 சென்டிமீட்டர், அவர்களுடையது 2.7. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது ஆங்கிலக் கணக்கில் 5 அடி 6 அங்குலம், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரனுக்குச் சராசரி உயரம். அங்குலம் மாறியதில் மனிதர் நாலு அங்குலம் குறைந்துபோனார். சர்வேயர்களுக்கு இது புதிதில்லை, பழைய பட்டாவையும் புதுப் பட்டாவையும் ஒத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். போதாததற்கு லண்டனில் ஜேம்ஸ் கில்ரே என்கிற கேலிச்சித்திரக்காரர் அவரைப் பொடிப்பயலாக வரைந்து வரைந்து தள்ளினார். பக்கத்தில் நின்ற மெய்க்காவல் படையினர் எல்லோரும் பொறுக்கியெடுத்த நெட்டையர்கள். பகையாளி குறைத்துச் சொன்னான், அது நின்றுவிட்டது. வேண்டியவன் என்ன செய்வான் என்பதுதான் என் பேச்சு.

ஹாலிவுட்டில் ஆலன் லேட் என்று ஒரு கதாநாயகர். 5 அடி 6 அங்குலம். 1957-இல் வந்த ஒரு படத்தில் அவருக்கு ஜோடி சோபியா லாரன், அவரைவிட உயரம். இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிற காட்சிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த அம்மா நடப்பதற்குத் தரையில் பள்ளம் வெட்டினார்கள். நாயகன் மேட்டில், நாயகி பள்ளத்தில். படப்பிடிப்பில் இதற்கென்றே ஒரு மரப்பெட்டி உண்டு, ஆப்பிள் பாக்ஸ் என்பார்கள். முழுப் பெட்டி 8 அங்குலம், அரைப் பெட்டி 4, கால் பெட்டி 2. நடிகர் அதன்மேல் நிற்பார், கேமரா கீழேயிருந்து பார்க்கும். வெள்ளித்திரையில் மலை மாதிரி தெரிவார். நாம் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் கூடைப்பந்தாட்டம் உயரத்தை வைத்தே சோறு போடுகிற ஆட்டம். அங்கேயும் பொய்க்கணக்குதான். ஷூ போட்டுக்கொண்டு அளப்பது, சும்மா சொல்வதை எழுதிக்கொள்வது. கடைசியில் 2019-இல் என்பிஏ அமைப்பு, ஷூவைக் கழற்றி அளந்து எழுது என்று எல்லா அணிக்கும் உத்தரவு போட்டது. பரேயா என்கிற ஆட்டக்காரர் 6 அடியிலிருந்து ஒரே நாளில் 5 அடி 10 ஆனார். ஆனால் கெவின் டுராண்ட் என்று ஒருவர், அதுவரை 6 அடி 9 என்று இருந்தவர், 6 அடி 10 ஆனார்! இவர் குறைத்துக் காட்டியிருந்திருக்கிறார். ரொம்ப நெட்டை என்றால் கூடைக்கு அடியிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. ஒரே நிலத்தைச் சம்பந்தி கேட்டால் மூன்று ஏக்கர் என்பார்கள், வரி போட வந்தவன் கேட்டால் இரண்டேகால் என்பார்கள். நான் சங்கிலியைப் போட்டால் இரண்டு ஏக்கர் அறுபத்தெட்டு சென்ட் வரும். கேட்கிறவன் யார் என்பதைப் பொறுத்து நீளும், சுருங்கும்.

இப்போது என் மாமா கதை. எத்தனையோ மேடையில் சொன்னதுதான், தலைமையாசிரியை அம்மா சிரிக்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்கு மனப்பாடம்.

என் தாய்மாமன் கடைவீதியில் சலூன் வைத்திருந்தார். ஒரு நடிகருக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகர். யார் என்று சொல்லமாட்டேன், சொன்னால் இந்த அரங்கம் இரண்டாகப் பிரியும். சலூன் வாசல் நிலையில் சவரக்கத்தியால் ஒரு வெட்டுப் போட்டு வைத்திருந்தார். 6 அடி 1 அங்குலம், அதுதான் அவர் தலைவரின் உயரமாம். முடிவெட்ட வருகிற பையன்கள் எல்லாம் நிலையில் முதுகை ஒட்டி நின்று எவ்வளவு பாக்கி என்று பார்த்துக்கொள்வோம். எனக்கு எப்போதும் ஒரு முழம் பாக்கி.

1974-இல் எங்கள் ஊரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு அந்த நடிகர் வந்தார். எனக்குப் பதினேழு வயது. கூட்டம் தள்ளிய தள்ளலில் நான் அவருடைய அம்பாசடர் கார்க் கதவிலேயே போய் ஒட்டிக்கொண்டேன். கதவு திறந்தது. காலை வெளியே வைத்தார், வைத்த இடம் சாக்கடைப் பலகை, ஆடியது. விழாமல் இருக்க என் தோளைப் பிடித்தார். அப்படியே எழுந்து நின்றார். நிமிர்ந்து பார்க்கலாம் என்று கழுத்தைத் தூக்கினால், அவருடைய கண் என் கண்ணுக்கு நேராக இருக்கிறது! காதோரம் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. கீழே பார்த்தேன். ஷூவின் குதிகால் இரண்டு அங்குலம் கனம். “நல்லா இருக்கியா தம்பி” என்று கேட்டார். குரல் மட்டும் படத்தில் கேட்ட அதே குரல்.

நேரே சலூனுக்கு ஓடினேன். மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். “மாமா, அவர் என் உயரந்தான்” என்றேன். கத்தி அந்த மனிதர் தொண்டைக்குழியில் அப்படியே நின்றது. கடையில் இருந்த நாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். மாமா கத்தியை எடுத்துத் தோல்பட்டையில் இரண்டு தீட்டுத் தீட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: “அவரு உனக்காகக் குனிஞ்சாருடா.”

அதோடு முடியவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனால், வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, “எங்க அக்கா மகன்தான். தோள்ல கை வச்சாரு. இவன் அவரு நெஞ்சுக்குத்தான் வந்தான்” என்கிறார். பொங்கலுக்குப் போனபோது இடுப்புக்கு இறங்கிவிட்டேன். நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்றால், அவர் தோளைத் தொட்ட பையன் என்று எனக்கும் ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதைக்கு ஆறடி தேவைப்பட்டது, ஐந்தே காலில் கிடைக்காது.

மாமா போய்ச்சேர்ந்து பல வருஷம் கழித்துக் கடையை இடித்தார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன், தொழில்புத்தி. நிலையில் இரண்டு வெட்டு இருந்தது. 6 அடி 1-இல் இருந்த பழைய வெட்டை மக்குப் போட்டு மூடிப் பெயிண்ட் அடித்திருந்தார். அதற்கு மேலே புது வெட்டு, 6 அடி 2½ அங்குலம். நான் வந்து உண்மையைச் சொன்ன பிறகு அவர் தலைவர் ஒன்றரை அங்குலம் வளர்ந்திருக்கிறார்.

நடிகர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் ஒருநாளும் தன் உயரத்தைச் சொன்னதில்லை. நாம்தான் கொடுத்தோம். அண்ணா சாலையில் ஒரு காலத்தில் 60 அடிக் கட்அவுட் வைப்பார்கள். சவுக்குக் கட்டைச் சாரம் கட்டி, பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்து, முகம் மட்டுமே எட்டடி. வரைகிறவர் பக்கத்தில் நின்றால் மூக்கு எது என்று தெரியாது, ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வரைவார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, ஆனால் கடுகைக் கட்அவுட் வைத்தால்தான் நமக்குத் திருப்தி.

சச்சின் டெண்டுல்கர் 5 அடி 5. கவாஸ்கரும் அவ்வளவுதான். அவர்களுக்கு யாரும் ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லவில்லை பாருங்கள். ஆறரை அடி ஆள் ஓடிவந்து வீசிய பந்தை அந்த உயரத்தில் நின்று அடித்தார்கள், அதுதானே கதை? கடுகு, காரம். அறிஞர் அண்ணாவும் குள்ளம், லால் பகதூர் சாஸ்திரியும் குள்ளம். 1965 யுத்தத்தில் நாட்டை நடத்திய பிரதமர் அவர். காமராஜர் நெட்டை, அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போகவிடமாட்டார்கள்.

கடிகாரத்தைச் செயலாளர் பார்க்கிறார். கல்யாணச் சந்தை விஷயத்தை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்கிறேன். வார்டு உறுப்பினர் அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அம்மா, ஊரில் இருக்கிற உயரத்தை எல்லாம் அளந்துவிட்டு, போன மாதம் நம் டவுன் பஸ்ஸின் முதல் படியை அளந்தேன். ஏழு வண்டி. தரையிலிருந்து முதல் படி குறைந்தது 16 அங்குலம், ஒரு வண்டியில் 19. நம் வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் ஆறு, ஏழு அங்குலம் இருக்குமா? என் அக்காவுக்கு 71 வயது. 4 அடி 9 அங்குலம். அவள் எப்படி ஏறுகிறாள் தெரியுமா? முதலில் முழங்காலைப் படியில் ஊன்றுகிறாள். பிறகு கம்பியைத் தேடுகிறாள், அது எட்டவில்லை என்றால் கதவைப் பிடிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் சேலையில் முழங்கால் பட்ட இடம் மட்டும் வட்டமாகக் கறுத்திருக்கும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல காரியம். டிக்கெட் இல்லை, படி இருக்கிறதே!

சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. தளம் 40 சென்டிமீட்டர்தான், நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து இன்னும் தாழும். நமக்கு அது வருகிற வரைக்கும் வரட்டும். நான் கேட்பது அது இல்லை. பெரிய நிறுத்தங்கள் நாலிலும், பஸ் நிற்கிற ஓரத்தில் எட்டு அங்குல உயரத்துக்கு ஒரு திண்டு. செங்கல், சிமெண்ட், இரண்டு நாள் கொத்தனார் வேலை. டிரைவர் ஒட்டி நிறுத்த வேண்டும், அதற்கு ஒரு மஞ்சள் கோடு. இவ்வளவுதான். ஹாலிவுட்டில் ஒரு நடிகருக்காகப் பள்ளமே வெட்டினார்கள், என் அக்காவுக்கு ஒரு திண்டு கட்டக்கூடாதா?

மூன்று தடவை மனு கொடுத்தாயிற்று. “தளத்தைப் பார்வையிட்டு ஆவன செய்யப்படும்” என்று பதில் வந்தது. பார்வையிட்டவர் ஆறடி இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். கடுகு சிறிது, மனுவும் சிறிது, காரத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வாசலில் மேசைமேல் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தெரு, கையெழுத்து. அண்ணாச்சி, முதல் கையெழுத்து உங்களுடையது, பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

மேசைக்குப் பக்கத்துச் சுவரில் என் டேப்பை ஒட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களுக்கு உயரம் அளந்து சொல்லப்படும், இலவசம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.